பழைய படங்கள் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன?

பழைய திரைப்படங்கள் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன என்று கேட்டால், “அந்தக் காலத்தில் கலர் கண்டுபிடிக்கப்படவில்லை” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அது சரியான பதில் அல்ல. திரைப்படம் பிறப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே வண்ணப் படத்தின் அடிப்படை தெரிந்திருந்தது. முதல் படங்கள் காட்டப்பட்ட ஆண்டுகளிலேயே கையால் வண்ணம் பூசிய படங்களும் காட்டப்பட்டன. அப்படியிருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டன. தமிழில் அது 1970கள் வரை நீடித்தது.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் சினிமாக் கேள்வி அல்ல. செட்டிகுளத்தில் பழைய புகைப்படங்களை ஸ்கான் செய்து, பெருப்பித்துக் கொடுப்பது என் தொழில். இளவயதில் வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் படம் கழுவப் பழகினேன். இன்று என்னிடம் வருகிற படங்களில் பல கறுப்பு வெள்ளை. இறந்தவர்களின் படங்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள், இப்போது இல்லாத வீடுகளின் முன்னால் நின்று எடுத்த படங்கள். கொண்டு வருபவர்களில் பலர் கேட்பது ஒன்றைத்தான்: “இதைக் கலராக்கித் தரலாமோ?” அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். திரைப்படமும் புகைப்படமும் ஒரே பிலிமில், ஒரே இரசாயனத்தில் உருவானவை. ஆகவே சினிமாவின் கதையை அறிந்தால் எங்கள் வீட்டுப் படங்களின் கதையும் தெரிந்துவிடும்.

வெள்ளிக்குத் தெரிந்தது ஒளி மட்டும்

பிலிம் என்பது ஒளி ஊடுருவும் ஒரு நாடா. அதன் ஒரு பக்கத்தில் ஜெலற்றின் பூசப்பட்டிருக்கும். அந்த ஜெலற்றினுக்குள் வெள்ளி புரோமைட்டு போன்ற வெள்ளி உப்புகளின் மிகச் சிறிய பளிங்குகள் கலந்திருக்கும். வெள்ளி என்று நான் சொல்வது கொலுசு செய்கிற அதே வெள்ளியைத்தான்.

ஒளி பட்ட பளிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கிறது. பிலிமை டெவலப்பர் என்ற திரவத்தில் போட்டதும், ஒளி பட்ட பளிங்குகள் உலோக வெள்ளியாக மாறுகின்றன. நகையில் மின்னுகிற வெள்ளி, இவ்வளவு நுண்ணிய துகளாக இருக்கும்போது கறுப்பாகத் தெரியும். ஒளி படாத பளிங்குகளை ஹைப்போ என்ற திரவம் கரைத்து அகற்றிவிடும். வெளிச்சம் கூடிய இடம் கறுப்பாகவும், குறைந்த இடம் தெளிவாகவும் மிஞ்சும். அதுதான் நெகற்றிவ். அதை மறுபடி இன்னொரு பிலிமிலோ தாளிலோ பதித்தால் வெளிச்சம் வெளிச்சமாகவும் நிழல் நிழலாகவும் திரும்பி வரும்.

ஆக, இந்தப் பளிங்கு பதிவு செய்வது ஒன்றை மட்டும்தான்: அந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி வந்தது என்பதை. வந்த ஒளி சிவப்பா பச்சையா என்ற செய்தி அதில் தங்குவதில்லை. கறுப்பு வெள்ளையை யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளி இயல்பாகத் தருவது அதைத்தான். வண்ணம் வேண்டுமென்றால் அதை வேறு வழியால் கொண்டுவர வேண்டும். ஆரம்ப காலத்துப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்ததற்கு முதற் காரணம் இது.

சிவப்பைக் காணாத பிலிம்

பழைய ஸ்ரூடியோக்களின் இருட்டறையில் ஒரு சிவப்பு பல்ப் எரியும். அதை எங்கள் வயதுக்காரர் பலர் கண்டிருப்பீர்கள். படத் தாளை அந்த வெளிச்சத்தில் துணிந்து வெளியே எடுக்கலாம். காரணம், வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளியையும் ஊதா ஒளியையும் மட்டுமே உணரும். சிவப்பு ஒளி அதற்கு இருட்டுப் போலத்தான்.

ஆரம்ப காலத்துச் சினிமாப் பிலிமும் அப்படியே இருந்தது. 1873இல் ஜேர்மனிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல், சில சாயங்களைக் கலந்தால் வெள்ளி உப்பு பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டறிந்தார். அதனால் பிலிமின் பார்வை கொஞ்சம் அகன்றது. ஆனால் சிவப்பு இன்னும் வெளியில்தான் நின்றது. எல்லா நிறங்களையும் உணரும் பிலிமைக் கொடக் நிறுவனம் சினிமாவுக்கென 1922இல் வழமையான விற்பனைக்கு விட்டது. 1920களின் இறுதியில்தான் அது பொதுவான பிலிமாக மாறியது.

இதன் விளைவு என்ன? அந்தக் காலத்து மௌனப் படங்களில் நீல வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும், முகில் தெரியாது. செவ்வரத்தம்பூ அதன் இலையைவிடக் கறுப்பாக விழும். குங்குமப் பொட்டும் கறுத்தப் பொட்டும் ஒன்றுபோலத் தெரியும். மண்ணிற முகம், அதில் சிவப்புக் கூட இருப்பதால், உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். உதட்டுச் சாயம் கறுப்பு மை பூசியது போல இருக்கும் என்பதால் நடிகர்களுக்கு வேறு நிறங்களில் ஒப்பனை செய்தார்கள். ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் காணும் சாம்பல் நிறத்தைப் பார்த்து மூல நிறத்தை எப்போதும் கணித்துவிட முடியாது. இரண்டு வேறு நிறங்கள் ஒரே சாம்பலாக விழுந்திருக்கலாம். இதைப் பின்னர் திரும்பவும் பார்ப்போம்.

மூன்று படம் எடுத்தால் ஒரு வண்ணப் படம்

1861இல் இலண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி ஒரு வழியைக் காட்டினார். பல நிறக் கோடுகள் கொண்ட ஒரு றிபனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளூடாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுக்கச் செய்தார். பிறகு அந்த மூன்றையும் அதே நிற வெளிச்சங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி காட்டினார். சுவரில் வண்ணப் படம் தெரிந்தது. இன்று வரையிலான எல்லா வண்ணப் படங்களுக்கும் அடிப்படை இதுவே. உங்கள் கையிலுள்ள தொலைபேசியின் கமராவும் உண்மையில் ஒளியின் அளவைத்தான் பார்க்கிறது. அதன் முன்னால் மிகச் சிறிய சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சதுரங்கப் பலகை போல அடுக்கப்பட்டிருப்பதால் அது நிறத்தைக் கணக்கிட்டுத் தருகிறது.

வழி தெரிந்துவிட்டது. பிறகு ஏன் தாமதம்? ஓடுகிற ஒன்றை இப்படி எடுப்பது மிகவும் கடினம் என்பதுதான் விடை.

அசையாத றிபனை ஆறுதலாக மூன்று தடவை எடுக்கலாம். ஆனால் மௌனப் படக் காலத்தில் கமரா ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படங்களை எடுத்தது. பேசும் படம் வந்த பிறகு அது வினாடிக்கு 24 ஆனது. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழக் கிடைப்பது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு வினாடி மாத்திரமே. அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெயில் நேரத்திலேயே அது மட்டுமட்டு. அதன் முன்னால் நிற வடிகட்டி ஒன்றைப் போட்டால் வந்த ஒளியிலும் பெரும் பகுதி போய்விடும். போதாக்குறைக்கு, சிவப்பு வடிகட்டியூடாக வருகிற ஒளியைப் பிலிம் உணரவே மாட்டாது.

பிரித்தானியரான எட்வேர்ட் ரேனர் 1899இல் மூன்று நிற வடிகட்டிகளை மாறிமாறிச் சுழலவிடும் கமராவுக்கு உரிமம் பெற்றார். 1901, 1902 காலத்தில் சில காட்சிகளை எடுத்தும் பார்த்தார். ஆனால் அவற்றைத் திரையில் ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. அவர் 1903இல், 29 வயதில் இறந்துபோனார். அவருடைய பிலிம் துண்டுகள் கணினி உதவியுடன் சீர்செய்யப்பட்டு, 2012இல்தான் உலகம் அவற்றை வண்ணத்தில் பார்த்தது. அவருக்குப் பின் ஜோர்ஜ் அல்பேர்ட் ஸ்மித் மூன்றை இரண்டாகக் குறைத்து, சிவப்பும் பச்சையும் மட்டும் கொண்ட கினிமாகலர் முறையைச் செய்தார். 1911 டிசெம்பரில் டெல்லியில் நடந்த முடிசூட்டுத் தர்பார் அந்த முறையில் படமாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இலண்டனில் காட்டப்பட்டது. ஆக, இந்தியாவின் தர்பார் 1912லேயே திரையில் வண்ணமாக ஓடியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டத் தனியான இயந்திரம் வேண்டும். வேகமாக அசைகிற ஆளின் விளிம்பில் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியும். சில ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது.

தூரிகையால் பூசிய வண்ணம்

கமராவால் முடியாததை மனிதக் கைகள் செய்தன. பிரான்சின் ஜோர்ஜ் மெலியெஸ் 1902இல் எடுத்த ‘நிலவுக்கு ஒரு பயணம்’ படத்தின் சில பிரதிகளுக்கு, பரிஸில் எலிசபெத் துயிலியே என்ற பெண்ணின் பட்டறையில் வண்ணம் பூசப்பட்டது. அங்கு ஏறத்தாழ இருநூறு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருவருக்கு ஒரு நிறம். தபால் முத்திரை அளவுகூட இல்லாத ஒவ்வொரு பிறேமிலும் சிறு தூரிகையால் பூச வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிறேம்கள் உண்டு. ஒரு பிரதி முடிந்தால் அடுத்த பிரதிக்கு மறுபடி முதலிலிருந்து. அப்படியான பிரதி ஒன்று 1993இல் ஸ்பெயினின் பார்சலோனாவில் கிடைத்தது. பல ஆண்டுகள் சீர்செய்யப்பட்டு, 2011இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

இதைவிட மலிவான வழி, பிலிம் முழுவதையும் ஒரே சாயத்தில் தோய்த்து எடுப்பது. இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், நெருப்புக்குச் சிவப்பு. மௌனப் படங்களில் பெரும்பாலானவை இப்படிச் சாயம் தோய்க்கப்பட்டே திரையரங்குகளுக்குப் போயின. இன்று அவற்றை நாங்கள் வெறும் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதற்குக் காரணம், பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்ததே. 1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது பிலிமின் ஓரத்திலே ஒலியும் பதிவாயிற்று. சாயம் அந்த ஒலியை வாசிக்கும் ஒளியைக் குழப்பியது. ஆகவே சாயம் தோய்க்கும் வழக்கமும் குறைந்தது. பேச்சு வந்தபோது நிறம் பின்வாங்கியது என்றும் சொல்லலாம்.

வண்ணம் பணக்காரர்களின் பொருளாக இருந்த காலம்

மூன்று நிறங்களையும் ஒழுங்காகப் பிடித்த முதல் வெற்றிகரமான முறை ரெக்னிக்கலர். 1932இல் வோல்ற் டிஸ்னியின் ஒரு சிறு கார்ட்டூன் படத்தில் அது முதலில் வெளிவந்தது. 1935இல் முழுநீளப் படத்துக்குப் பயன்பட்டது. கமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்துவிட, மூன்று கறுப்பு வெள்ளைப் பிலிம்கள் ஒரே நேரத்தில் ஓடும். அதாவது ஒரு படத்துக்கு மூன்று படத்தின் பிலிம். கமராவை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு மட்டுமே தருவார்கள். கூடவே நிற ஆலோசகர் ஒருவரையும் ஏற்க வேண்டும். வெளிச்சம் பல மடங்கு தேவை. 1939இல் வெளியான ‘த விசார்ட் ஒஃப் ஒஸ்’ படப்பிடிப்புத் தளத்தின் வெப்பநிலை விளக்குகளின் சூட்டால் 38 பாகை செல்சியசையும் தாண்டியது. ஹொலிவூட்டுக்கே இது பெருஞ்செலவு.

ஒரே பிலிமில் மூன்று நிறப் படைகளையும் வைத்த ஈஸ்ட்மன் கலர் 1950இல் வந்த பிறகு சாதாரணக் கமராவில் வண்ணம் எடுப்பது பரவலானது. அப்போதும் பிலிமின் விலையும் கழுவும் செலவும் கறுப்பு வெள்ளையைவிட மிக அதிகம்.

இந்தச் செலவின் பாரத்தைத் தமிழ்ப் படங்களின் வரிசையில் நேரடியாகக் காணலாம். முதலாவது தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 ஒக்ரோபர் 31இல் வெளியானது. இந்தியாவிலேயே தயாரான முதலாவது வண்ணப் படமான ‘கிசான் கன்யா’ 1937இல் வந்தது. தமிழில் முழுநீள வண்ணப் படம் பார்க்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மொடேர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1964இல் ஸ்ரீதர் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை ஈஸ்ட்மன் கலரில் எடுத்தார். அதே ஆண்டில் வந்த ‘சர்வர் சுந்தரம்’ கறுப்பு வெள்ளை. 1975இல் வந்த ‘அபூர்வ ராகங்கள்’ கூடக் கறுப்பு வெள்ளைதான். முதல் வண்ணப் படம் வந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படி. வண்ணப் பிலிம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி கொடுத்து வர வேண்டும். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்றே பிலிமும் செய்தது.

இலங்கையிலும் இதே கதை, இன்னும் மெதுவாக. 1901இல் இங்கு நடந்த முதலாவது படக் காட்சியை ஆளுநர் வெஸ்ற் றிட்ஜ்வேயும், தென்னாபிரிக்காவிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட போவர் போர்க் கைதிகளும் பார்த்ததாகத் திரைப்பட வரலாறு சொல்கிறது. முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். முதலாவது சிங்கள வண்ணப் படம் ‘ரன்முத்து தூவ’ 1962இல் வந்தது. ஈழத்துத் தமிழ்ப் படங்களோ அப்போதுதான் தொடங்கின. 1972இல் வந்த ‘குத்துவிளக்கு’, 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ ஆகியவை கறுப்பு வெள்ளை. இலங்கையின் முதலாவது தமிழ் வண்ணப் படம் என்று குறிப்பிடப்படும் ‘ஷர்மிளாவின் இதய ராகம்’ 1993இல்தான் வந்தது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் 31 ஆண்டுகள். சந்தை சிறியது, முதலீடு குறைவு, நாடு போரில். நிறம் வந்து சேராததற்கு இரசாயனம் மட்டும் காரணம் அல்ல.

வெள்ளி நிலைக்கும், சாயம் போகும்

வண்ணப் பிலிமில் கடைசியாக மிஞ்சுவது வெள்ளி அல்ல. கழுவும்போது வெள்ளி முழுவதும் அகற்றப்பட்டு, அதன் இடத்தில் சாயம் மட்டுமே நிற்கும். சாயம் துணியில் போவது போலப் பிலிமிலும் போகும். 1950கள் தொடக்கம் 1970கள் வரையிலான ஈஸ்ட்மன் கலர்ப் பிரதிகள் பல இன்று சிவந்துபோய்க் கிடக்கின்றன. நீலப்பச்சைச் சாயம் முதலில் அழிந்துவிட்டதால் எல்லாமே செங்கல் நிறத்தில் தெரியும். 1980இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி இதற்கு எதிராக இயக்கமே நடத்தினார். எங்கள் வீடுகளில் 1980களில் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்தும் மஞ்சளித்தும் இருக்க, அதற்கு முந்திய அப்பா அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கலியாணப் படம் தெளிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஒழுங்காகக் கழுவிய வெள்ளிப் படம் நூறு ஆண்டைத் தாண்டியும் நிற்கும்.

ஆகவே பெரிய படக் காப்பகங்கள் ஒரு வண்ணப் படத்தை நெடுங்காலம் காக்க விரும்பினால் என்ன செய்கின்றன? அதைச் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளாகப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் பதிந்து வைக்கின்றன. மக்ஸ்வெல் 1861இல் செய்ததையே. வண்ணத்தைக் காப்பதற்கும் கடைசியில் வெள்ளியிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் வெள்ளி நின்றாலும், அதைத் தாங்கும் நாடா நிற்க வேண்டும், அதை வைத்திருப்பவரும் இருக்க வேண்டும். 1950கள் வரை புழக்கத்தில் இருந்த நைத்திரேற்று நாடா இலகுவில் தீப்பற்றும். அதன் பின் வந்த அசற்றேற்று நாடா சூட்டிலும் ஈரத்திலும் வினாகிரி மணத்துடன் சிதையும். வெள்ளியே ஆபத்தாகவும் முடிந்தது. பழைய எக்ஸ்றே பிலிமை வெள்ளிக்காக வாங்குவது போல, ஓடி முடிந்த படங்களையும் உருக்கி வெள்ளி எடுத்தார்கள். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில் மூல வடிவில் எஞ்சியவை 14 சதவீதம் மட்டுமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் அறிவித்தது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதலாவது தமிழ் மௌனப் படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. ‘காளிதாஸ்’ இல்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த நெகற்றிவ்களும் எரிந்தன. அது ஒரு தமிழரின் ஸ்ரூடியோ. எரிந்தவற்றில் பல சிங்களப் படங்கள்.

செட்டிகுளத்துக்கு வந்த படங்கள்

2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் 2012 செப்ரெம்பரில் வெளியேறினார்கள். வீடு, ஆடு மாடு, நகை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும், ஒரு சொப்பிங் பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நாலைந்து படங்கள் கொண்டு வந்தார்கள். என்னிடம் வருகிற பல படங்கள் அந்தப் பையில் வந்தவை. தண்ணீர் பட்டவை, ஒன்றோடொன்று ஒட்டியவை, மண் ஏறியவை. சிலருக்கு இருப்பது ஒரே ஒரு படம், பழைய தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த சிறு கறுப்பு வெள்ளைப் படம். வவுனியாவில் 2017 தொடக்கம் வீதியோரம் இருந்து போராடுகிற தாய்மார் கையில் ஏந்தியிருக்கும் பெரிய படங்களில் சிலவும் அந்தச் சிறு படத்திலிருந்து பெருப்பித்தவையே.

இன்று கணினிச் செயலிகள் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு நிமிடத்தில் கலராக்கித் தருகின்றன. அவை என்ன செய்கின்றன என்பது மேலே சொன்னவற்றிலிருந்து விளங்கும். நிறம் அந்தப் பிலிமில் பதியவே இல்லை. ஆகவே செயலி அதை மீட்டெடுக்கவில்லை, ஊகிக்கிறது. தான் பார்த்த இலட்சக்கணக்கான வேறு படங்களிலிருந்து, இந்தச் சாம்பல் இந்த நிறமாக இருக்கலாம் என்று போடுகிறது. ஒரு அம்மா மகனுடைய படத்தைக் கலராக்கக் கேட்டு, செயலி தந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது நீலம். அவன் போட்டிருந்தது பச்சைச் சேட்டெல்லோ. நான்தானே வாங்கிக் குடுத்தனான்.” அவர் சொன்ன பச்சையை நான் கையால் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பச்சை பிலிமிலும் இல்லை, கணினியிலும் இல்லை. அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

கலராக்குவதை நான் குறை சொல்ல வரவில்லை. பார்த்து ஆறுதல் அடைபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலராக்கிய படம் ஒரு புதுப் படம். அது மூலத்துக்கு மாற்று அல்ல. முகத்தையும் சில செயலிகள் துப்புரவாக்குகிறோம் என்று சொல்லி மாற்றிவிடுகின்றன. மறு, தழும்பு, பல்லின் இடைவெளி எல்லாம் அழிந்துபோகும். காணாமல் போனவரை அடையாளம் காண உதவக்கூடியவை அவைதாம். 1945இல் பேர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரித்தானிய இராணுவக் கமராக்காரர்கள் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்கள். அதே ஆண்டு நூரெம்பேர்க் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டப்பட்ட வதைமுகாம் படமும் கறுப்பு வெள்ளையே. நிறம் இல்லை என்பதால் யாரும் அதைக் குறைந்த சாட்சியம் என்று சொல்லவில்லை. ஆணைக்குழுவுக்கோ, அலுவலகத்துக்கோ, நீதிமன்றத்துக்கோ கொடுப்பதாயின் மூலப் படத்தின் மாற்றாத பிரதியையே கொடுங்கள்.

வீட்டில் உள்ள படங்களுக்கு

தொழிலில் கண்டதைக் கொண்டு சில விடயங்களைச் சொல்கிறேன்.

மூலப் படத்தை லமினேற் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே போனால் பிறகு பிரிக்க முடியாது. பிரதி எடுத்து அந்தப் பிரதியை லமினேற் செய்யலாம்.

ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். படம் இருப்பது தாளில் அல்ல, மேலுள்ள மெல்லிய ஜெலற்றினில். அது உரிந்துவிட்டால் முகமும் போய்விடும். ஒட்டியபடியே வேலை தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

சொப்பிங் பையிலும், தகரக் கூரைக்குக் கிட்டவும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும்தான் பிலிமின் எதிரி. சாதாரணத் தாள் உறையில் போட்டு, வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த மூலையில் வையுங்கள்.

நெகற்றிவ் இருந்தால் அதை எறியாதீர்கள். அதில் படத்தைவிட அதிகம் விபரம் இருக்கும். கறுப்பாக, விளங்காத துண்டாகத் தெரிந்தாலும் அது யாருடைய முகம் என்று ஸ்கான் செய்தால் தெரியும்.

தொலைபேசியில் பிரதி எடுப்பதானால் பகலில், நிழலில், மின்னொளி இல்லாமல் நேராகப் பிடித்து எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கடைசியாக, படத்தில் இருப்பவரை நேரில் கண்டவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் நிறங்களைக் கேளுங்கள். சேலை அரக்கா மயில்நிறமா, வீட்டுக் கதவுக்கு என்ன பெயின்ற், சைக்கிள் என்ன நிறம், எந்த ஆண்டு, எந்த ஊர். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, படத்தோடு அதே உறைக்குள் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனையால் எழுதினால் மை ஊறிவிடும். வெள்ளி தன்னிடம் உள்ளதை இன்னும் நெடுநாள் வைத்திருக்கும். நிறத்தைக் கண்டவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.